தீம் மாற்றிய பிறகு டெஸ்க்டாப் ஷார்ட்கட்கள் பழுதானால் எங்கே பார்ப்பது

புதிய தீம் ஒன்றைப் போட்டு, அதனுடன் வந்த ஐகான் தொகுப்பையும் நிறுவி, ஷார்ட்கட்களின் மூலையில் தெரியும் சிறிய அம்புக்குறியை ஓர் இலவசக் கருவியைக் கொண்டு நீக்கியிருக்கிறீர்கள். அதன் பிறகு டெஸ்க்டாப்பில் சில ஐகான்கள் வெற்று வெள்ளைத் தாளாகத் தெரிகின்றன. சிலவற்றை இரட்டைச் சொடுக்கினால், அந்த ஷார்ட்கட் குறிக்கும் பொருள் மாற்றப்பட்டோ நகர்த்தப்பட்டோ விட்டது என்ற செய்தி வருகிறது. டாஸ்க்பாரில் புதிதாக எதையும் ‘பின்’ செய்ய, அதாவது நிலையாகப் பொருத்தி வைக்க, முடியவில்லை. விண்டோஸை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவதுதான் வழியா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். இதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. உங்கள் புரோகிராம்களுக்கு ஏதேனும் சேதம் ஏற்பட்டிருக்கிறதா என்பது ஒன்று. ஆசைப்பட்டு அமைத்த தோற்றத்தை முழுவதும் கைவிடாமல் இதைச் சரிசெய்ய முடியுமா என்பது மற்றொன்று. பெரும்பாலும் சேதம் இல்லை, சரிசெய்யவும் முடியும் என்பதே என் பதில். மீண்டும் நிறுவியே ஆக வேண்டும் என்று சொல்லத்தக்க அறிகுறி எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை. எந்தப் பதிப்பு என்று குறிப்பிடவில்லை என்பதால், விண்டோஸ் 10 அல்லது 11 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். இத்தகைய புகார் வரும்போதெல்லாம் நான் முதலில் தெளிவுபடுத்துவது, டெஸ்க்டாப்பில் தெரியும் ஷார்ட்கட் வேறு, அது திறக்கும் புரோகிராம் வேறு என்பதைத்தான். ஷார்ட்கட் என்பது சில கிலோபைட் அளவே உள்ள ஒரு தனிக் கோப்பு. எல்.என்.கே என்ற பின்னொட்டு அதற்கு உண்டு. மற்றக் கோப்புகளின் பின்னொட்டைக் காட்டும்படி அமைத்திருந்தாலும் விண்டோஸ் இந்த ஒன்றை மறைத்தே வைப்பதால் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். புரோகிராம் இருக்கும் இடத்தின் முழு முகவரி, அது எந்த ஃபோல்டரிலிருந்து தொடங்க வேண்டும் என்ற குறிப்பு, எந்தக் கோப்பிலிருந்து எந்தப் படத்தை எடுத்து ஐகானாகக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு, விசைச் சேர்க்கை கொடுத்திருந்தால் அது ஆகியவை அந்தக் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். இவற்றுக்கு வெளியே, எல்.என்.கே வகைக் கோப்பைச் சொடுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்ற விதி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. ஆக, படம், முகவரி, விதி என்று மூன்று கூறுகள் இதில் உண்டு. தோற்றத்தை மாற்றும் தொகுப்புகள் பெரும்பாலும் படத்தைத் தொடுகின்றன. அம்புக்குறியை நீக்கும் கருவிகளில் சில விதியைத் தொடுகின்றன. முகவரியை இவை தொடுவது அரிது. உங்கள் மூன்று அறிகுறிகளும் மூன்று தனித்தனிக் காரணங்களால் வந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று தேடத் தொடங்குவதால்தான் பலர் நாள்கணக்கில் அலைகிறார்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யுங்கள். திறக்காத ஷார்ட்கட் ஒன்றின் மீது வலச் சொடுக்கி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தைத் திறந்தால், ‘டார்கெட்’ என்ற பெட்டியில் அந்த முகவரி தெரியும். அதை நகலெடுத்து ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் ஒட்டி என்டர் விசையை அழுத்துங்கள். புரோகிராம் திறந்துவிட்டால், புரோகிராமும் நலமாக இருக்கிறது, முகவரியும் சரியாக இருக்கிறது. பழுது விதியில் இருக்கிறது. அப்படி ஒரு கோப்பே இல்லை என்ற செய்தி வந்தால் முகவரி செல்லாததாகிவிட்டது. படம் மட்டும் வெள்ளையாகி, இரட்டைச் சொடுக்கினால் ஒழுங்காகத் திறக்கின்ற ஷார்ட்கட்களுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. அவற்றில் கெட்டது படம் மட்டும்தான். முக்கியமான ஒரு வேண்டுகோள்: பொருள் நகர்த்தப்பட்டுவிட்டது என்று சொல்லும் அந்தச் செய்திப் பெட்டி, ஷார்ட்கட்டை நீக்கிவிடட்டுமா என்றும் கூடவே கேட்கும். டார்கெட் பெட்டியில் இருப்பதைக் குறித்துக்கொள்ளும் வரை அதற்குச் சம்மதம் தராதீர்கள். பழைய முகவரி கையில் இருந்தால், புரோகிராம் எங்கே போனது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது.

இனி வெள்ளை ஐகான்கள். ஐகான் தொகுப்பு எதையேனும் பயன்படுத்தி ஒரு ஷார்ட்கட்டின் படத்தை மாற்றும்போது, அந்தப் படம் ஷார்ட்கட்டுக்குள் நகலெடுக்கப்படுவதில்லை. படம் இருக்கும் கோப்பின் முகவரி மட்டுமே எழுதிவைக்கப்படுகிறது. தொகுப்பை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விரித்து, அங்கிருந்தபடியே ஐகான்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு இடத்தை மிச்சப்படுத்த அந்த ஃபோல்டரை அழித்துவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. பென்டிரைவில் வைத்திருந்த படங்களுக்கும் இதே கதிதான். அழித்த உடனே எதுவும் தெரியாது என்பதுதான் இதில் ஏமாற்றும் அம்சம். ஒவ்வொரு முறையும் மூலக் கோப்பைத் திறந்து பார்ப்பது நேரம் பிடிக்கும் என்பதால், ஒருமுறை காட்டிய ஐகான்களை விண்டோஸ் தன் ஐகான் கேஷ் என்னும் சேமிப்பில் வைத்துக்கொண்டு அதிலிருந்தே காட்டிவருகிறது. சேமிப்பு புதுப்பிக்கப்படும் நாளில் மூலக் கோப்பைத் தேடும். அது இல்லாதபோது வெள்ளைத் தாளைக் காட்டும். அதனால் திங்கட்கிழமை அழித்த ஃபோல்டரின் விளைவு வெள்ளிக்கிழமை தெரியவரும். அன்று செய்த வேறு ஏதோ ஒன்றின் மேல் நாம் பழியைப் போடுவோம்.

ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் ‘சேஞ்ச் ஐகான்’ என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். படக் கோப்பைக் காணவில்லை என்று விண்டோஸ் சொன்னால் காரணம் உறுதியாகிவிட்டது. தொகுப்பை மீண்டும் பதிவிறக்கி, அதே பெயருள்ள ஃபோல்டரில் அதே இடத்தில் வைத்தால் எல்லா ஐகான்களும் ஒரே வீச்சில் திரும்பிவிடும். அல்லது இனி நகர்த்தப்போவதில்லை என்று நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடிய ஓர் இடத்தில், எடுத்துக்காட்டாக சி டிரைவில் ஐகான்களுக்கென்றே ஒரு ஃபோல்டரில் வைத்து, ஒவ்வொன்றாக மீண்டும் தேர்ந்தெடுக்கலாம். இன்னொன்றையும் இங்கேயே கவனியுங்கள். ஐகான் கோப்பு என்பது ஐ.சி.ஓ வகையைச் சேர்ந்தது. முறையாகச் செய்யப்பட்ட ஒன்றில் 16, 32, 48, 256 பிக்சல் என்று பல அளவுகள் ஒன்றாக அடங்கியிருக்கும். சில இலவசத் தொகுப்புகளில் பி.என்.ஜி படத்தின் பின்னொட்டை மட்டும் மாற்றி ஐ.சி.ஓ என்று பெயரிட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட கோப்பை, இதில் ஐகான் எதுவும் இல்லை என்று விண்டோஸ் தள்ளிவிடும். ஒரே ஒரு சிறிய அளவு மட்டும் உள்ளவை திறக்கும், ஆனால் பெரிய ஐகான்களாகக் காட்டும்போது மங்கலாகத் தெரியும்.

படக் கோப்பு அதன் இடத்தில் இருந்தும் ஐகான் வெள்ளையாகவே இருந்தால், கெட்டது அந்தச் சேமிப்புத்தான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் சின்னமுள்ள ஸ்டார்ட் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் ரன் பெட்டியில் ஐ, இ, 4, யூ, ஐ, என், ஐ, டி என்ற எழுத்துகளைச் சேர்த்து ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ‘ஷோ’ என்ற சொல்லும் இட்டு என்டர் அழுத்தினால், ஐகான்களைப் புதுப்பிக்கும்படி விண்டோஸுக்குக் கட்டளை போகும். பல நேரங்களில் இதுவே போதும். போதாவிட்டால் சேமிப்புக் கோப்புகளையே நீக்க வேண்டும். அவை உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், எக்ஸ்புளோரர் என்ற வரிசையில் உள்ளே சென்றால் இருக்கும். பெயர்கள் ‘ஐகான்கேஷ்’ என்று தொடங்கி, பக்கத்தில் 16, 32, 48, 256 என்ற எண்களோடு வரும். டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்புளோரரே அவற்றைத் திறந்து வைத்திருப்பதால் சாதாரணமாக நீக்க முடியாது. முதலில் கட்டளைகளைத் தட்டி இயக்கும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரம் ஒன்றைத் திறந்து அந்த ஃபோல்டருக்குள் சென்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் எக்ஸ்புளோரர்’ பணியை முடித்துவிட்டு, அந்தக் கோப்புகளை நீக்கி, டாஸ்க் மேனேஜரிலிருந்தே ‘ரன் நியூ டாஸ்க்’ வழியாக எக்ஸ்புளோரரை மீண்டும் தொடங்குங்கள். நடுவில் டாஸ்க்பாரும் டெஸ்க்டாப்பும் மறைந்து திரை வெறுமையாகும், அது எதிர்பார்த்ததுதான். இந்தக் கோப்புகள் வெறும் நகல்கள் என்பதால் அவற்றை நீக்குவதில் எந்த இழப்பும் இல்லை; விண்டோஸ் அவற்றைத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

டாஸ்க்பாரில் பின் செய்ய முடியவில்லை என்று நீங்கள் எழுதிய வரிதான் என் கவனத்தை மிகவும் ஈர்த்தது. அம்புக்குறியை நீக்க இரண்டு வழிகள் பரவலாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று தீங்கற்றது, மற்றொன்று தீங்கானது, வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே பலனைத் தருகின்றன. தீங்கற்ற வழி, ரெஜிஸ்ட்ரியில் எக்ஸ்புளோரருக்கான பகுதியில் ‘ஷெல் ஐகான்ஸ்’ என்ற உட்பிரிவை உருவாக்கி, அதில் 29 என்ற பெயருள்ள மதிப்பில் ஒளிபுகும் வெற்று ஐகான் ஒன்றின் முகவரியைக் கொடுப்பது. அம்புக்குறி வரைய வேண்டிய இடத்தில் விண்டோஸ் அந்த வெற்றுப் படத்தை வரையும், அவ்வளவுதான். தீங்கான வழி, ‘ஹெச்கீ கிளாசஸ் ரூட்’ என்ற கிளையில் ‘எல்என்கேஃபைல்’ என்ற பிரிவுக்குள் இருக்கும் ‘இஸ்ஷார்ட்கட்’ என்ற மதிப்பையே அழித்துவிடுவது. அந்த மதிப்புக்குள் எழுத்து எதுவும் இருக்காது, வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் அது அங்கே இருக்கிறது என்பதே, இந்த வகைக் கோப்பை ஷார்ட்கட்டாக நடத்த வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் அடையாளம். அடையாளம் போனால் அம்புக்குறி போகும். கூடவே, ஷார்ட்கட்களை நம்பியிருக்கும் மற்ற வசதிகளும் போகும்.

டாஸ்க்பாரில் நாம் பின் செய்பவை ஒரு ஃபோல்டருக்குள் எல்.என்.கே கோப்புகளாகத்தான் வைக்கப்படுகின்றன. ஸ்டார்ட் விசையையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலும் அப்படிப்பட்ட கோப்புகளால் ஆனதே. எனவே உங்களிடம் ஒரு கேள்வி: அந்த இரண்டு விசைகளை இப்போது சேர்த்து அழுத்தினால் பட்டியல் வருகிறதா, அதில் உள்ளவை திறக்கின்றனவா? இல்லை என்றால், நீங்கள் பயன்படுத்திய கருவி அந்த அடையாளத்தை அழித்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். சரிசெய்வது எளிது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரை நிர்வாகி உரிமையுடன் திறந்து, முன்பு சொன்ன எல்என்கேஃபைல் பிரிவைத் தேர்ந்தெடுத்து, முதலில் ‘ஃபைல்’ பட்டியலில் உள்ள ‘எக்ஸ்போர்ட்’ வழியாக அதற்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘நியூ’ பட்டியலில் ‘ஸ்ட்ரிங் வேல்யூ’ என்பதைத் தேர்ந்தெடுத்து, இஸ், ஷார்ட்கட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றிச் சேர்த்துப் பெயராகக் கொடுங்கள். உள்ளே எதையும் எழுத வேண்டாம். கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் அம்புக்குறியும் திரும்பும், பின் செய்யும் வசதியும் திரும்பும். அதன் பிறகும் அம்புக்குறி வேண்டாம் என்று தோன்றினால், 29 என்ற மதிப்பின் வழியாக நீக்கிக்கொள்ளுங்கள். வெற்றுப் படத்துக்கெனத் தனிக் கோப்பு தேடாமல், விண்டோஸிலேயே உள்ள ஷெல்32 கோப்பின் மைனஸ் 50 என்ற எண்ணுள்ள ஐகானைக் கொடுப்பது வழக்கம். அம்புக்குறி இருந்த மூலையில் கறுப்புச் சதுரமோ வெள்ளைச் சதுரமோ தெரிந்தால், அந்த மதிப்பு காட்டும் படம் கிடைக்கவில்லை அல்லது சரியாக வரையப்படவில்லை என்று பொருள். 29 என்ற மதிப்பை நீக்கினால் விண்டோஸின் இயல்பான அம்புக்குறி வந்துவிடும்.

விதி கெடுவதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை, ஆனாலும் இதே நிலையில் இருக்கும் பலருக்கு அது நேர்கிறது. டெஸ்க்டாப்பில் உள்ள எல்லா ஐகான்களும் ஒரே படமாக மாறி, எதைச் சொடுக்கினாலும் நோட்பேட் போன்ற ஒரே புரோகிராம் திறக்கும். திறக்காத ஷார்ட்கட்டை எப்படியாவது திறக்க வேண்டும் என்று ‘ஓப்பன் வித்’ வழியாக ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் இதையே பயன்படுத்து என்ற பெட்டியையும் டிக் செய்துவிடுவதால் இது நிகழ்கிறது. நடப்புப் பயனருக்கான ரெஜிஸ்ட்ரிக் கிளையில், எக்ஸ்புளோரர் பகுதிக்குள் ‘ஃபைல்எக்ஸ்ட்ஸ்’ என்ற பிரிவில், புள்ளியோடு கூடிய எல்என்கே என்ற உட்பிரிவைத் திறந்து, அங்கே ‘யூசர்சாய்ஸ்’ என்று ஒன்று இருந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் சரியாகும். ஷார்ட்கட் வகைக்கு யூசர்சாய்ஸ் என்ற உட்பிரிவு இயல்பில் இருக்கவே கூடாது.

இனி, நகர்த்தப்பட்டுவிட்டது என்று செய்தி வரும் ஷார்ட்கட்கள். இங்கே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, சாதாரணத் தீம் எதுவும் ஷார்ட்கட்களின் முகவரியை மாற்றுவதில்லை என்பதுதான். தீம் கோப்பில் இருப்பவை பின்னணிப் படம், நிறங்கள், ஒலிகள், சுட்டிகள், ‘திஸ் பிசி’, ‘ரீசைக்கிள் பின்’ போன்ற விண்டோஸின் சொந்த ஐகான்களுக்கான படங்கள் ஆகியவை. ஆகவே முகவரி செல்லாமற்போனதற்குக் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். புரோகிராம் புதுப்பிக்கப்பட்டபோது அதன் ஃபோல்டர் பெயரில் இருந்த பதிப்பு எண் மாறியிருக்கலாம். வெளி டிரைவ் ஒன்றின் எழுத்து மாறியிருக்கலாம். தோற்றக் கருவியுடன் சேர்ந்து வந்த ‘கிளீனர்’ ஏதேனும் கோப்புகளை அகற்றியிருக்கலாம். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ் என்ற கோப்பு முறையில் அமைந்த டிரைவுக்குள் ஒரு கோப்பை நகர்த்தினால் விண்டோஸ் பெரும்பாலும் அதைத் தொடர்ந்து கண்டுபிடித்து முகவரியைத் தானே திருத்திக்கொள்ளும். அழித்துவிட்டு வேறிடத்தில் புதிதாக நிறுவினால் அந்த உதவி கிடைக்காது. இத்தகைய ஷார்ட்கட்டைத் திருத்திக்கொண்டிருப்பதைவிடப் புதிதாக ஒன்று உருவாக்குவதே நல்லது என்பது என் கருத்து. ஸ்டார்ட் மெனுவின் முழுப் பட்டியலிலிருந்து புரோகிராமை டெஸ்க்டாப்புக்கு இழுத்துவிட்டால் போதும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்த செயலிகளுக்கு, ரன் பெட்டியில் ஷெல், முக்காற்புள்ளி, ஆப்ஸ்ஃபோல்டர் என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டினால் எல்லாச் செயலிகளும் ஒரே சாளரத்தில் தெரியும். வலச் சொடுக்கி ‘கிரியேட் ஷார்ட்கட்’ கொடுத்தால் டெஸ்க்டாப்பில் வந்து அமரும்.

டெஸ்க்டாப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காக ஷார்ட்கட்களை வேறொரு ஃபோல்டருக்குள் நகர்த்தியிருந்தால், ஒரு விளைவை எதிர்பார்க்க வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் ஓர் எழுத்தைச் சேர்த்துக் கொடுத்திருந்த விசைச் சேர்க்கைகள் வேலை செய்யாமற்போகும். ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவின் ஃபோல்டரிலோ இருக்கும்போது மட்டுமே விண்டோஸ் அவற்றைக் கவனிக்கிறது.

ஐகான்கள் அடியோடு காணாமற்போனவர்களுக்காகவும் சில வரிகள். டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் வலச் சொடுக்கி, ‘வியூ’ பட்டியலில் ‘ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்’ டிக் ஆகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். தோற்றக் கருவிகள் பல இதை அணைத்துவிடுகின்றன. நாம் ஒரே பரப்பாகக் காணும் டெஸ்க்டாப், உங்கள் சொந்த டெஸ்க்டாப் ஃபோல்டரில் உள்ளவையும், எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான பப்ளிக் டெஸ்க்டாப் ஃபோல்டரில் உள்ளவையும் சேர்ந்து தெரிவது. பொது ஃபோல்டரில் உள்ள ஷார்ட்கட்டின் ஐகானை மாற்ற நிர்வாகி உரிமை வேண்டும் என்பதால்தான், சில ஐகான்கள் எளிதில் மாறுகின்றன, சில அனுமதி கேட்கின்றன. ஒன்டிரைவ் காப்பு வசதியை இயக்கியிருந்தால், உங்கள் டெஸ்க்டாப் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் இடம்மாறியிருக்கும். பழைய இடத்தில் தேடினால் வெறுமையாகத்தான் தெரியும். அசையும் பின்னணிப் படங்களைக் காட்டும் மென்பொருள்கள் ஐகான்களுக்குப் பின்னால் ஒரு சாளரத்தை விரித்து வைக்கின்றன. அந்த அடுக்கு இடம் பிசகினால் ஐகான்கள் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. அந்த மென்பொருளை முழுமையாக மூடிப் பார்ப்பதே சோதனை. திஸ் பிசி, ரீசைக்கிள் பின் ஆகியவற்றின் படம் தீம் மாறும்போதெல்லாம் மாறுகிறது என்றால், ‘டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்’ சாளரத்தின் அடியில், தீம்கள் ஐகான்களை மாற்ற அனுமதிக்கும் பெட்டியின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஐகான் தொகுப்பைப் பற்றி எனக்குள்ள மிகப் பெரிய கவலை வேறொன்று. அது தனிப் படக் கோப்புகளாக வந்ததா, அல்லது ஒரு நிறுவியாக வந்து விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மாற்றியதா என்பது நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை. இரண்டாவது வகை, சிஸ்டம் ஃபோல்டரில் உள்ள இமேஜ்ரெஸ், ஷெல்32 போன்ற கோப்புகளில் தன் படங்களைத் திணிக்கிறது. 2019 மே மாதம் வெளியான விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து அந்தப் படங்களில் பெரும்பாலானவை ‘சிஸ்டம்ரிசோர்சஸ்’ என்ற தனி ஃபோல்டருக்கு, எம்.யூ.என் என்ற பின்னொட்டுள்ள கோப்புகளாக மாற்றப்பட்டுவிட்டன. அதற்கு முன் எழுதப்பட்ட தொகுப்பு புதிய விண்டோஸில் தவறான கோப்பில் கை வைக்கும். பாதி ஐகான்கள் மாறும், பாதி மாறாது. புதிய தொகுப்பாகவே இருந்தாலும், விண்டோஸ் அப்டேட் வரும்போது அந்தக் கோப்புகள் புதிதாக எழுதப்பட்டு மாற்றங்கள் போய்விடும். நிறுவியாக வந்தது என்றால், முதலில் அதன் சொந்த அன்இன்ஸ்டாலரை ஓட்டுங்கள். பிறகு நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, எஸ்.எஃப்.சி கட்டளையை ஸ்கேன்நவ் என்ற துணைச்சொல்லுடன் ஓட்டுங்கள். மாற்றப்பட்ட சிஸ்டம் கோப்புகளை அடையாளம் கண்டு மூலப் பிரதியை அது திரும்ப வைக்கும். சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று அது சொன்னால், அந்த மூலப் பிரதிகளையே சரிசெய்யும், டிஸ்ம் கட்டளையின் ‘ரிஸ்டோர்ஹெல்த்’ வசதியை ஓட்டிவிட்டு மீண்டும் எஸ்.எஃப்.சியை ஓட்ட வேண்டும். இந்த வகைத் தொகுப்புகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. படங்களைத் தனியே வைத்து ஷார்ட்கட்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கும் முறையில் வேலை அதிகம்தான். ஆனால் எது எங்கே மாறியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், எந்த அப்டேட்டும் அதைக் கலைக்காது.

பழுது உங்கள் பயனர் கணக்கில் இருக்கிறதா, விண்டோஸ் முழுவதிலும் இருக்கிறதா என்று ஐயமிருந்தால், புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். ஐகான் கேஷ், யூசர்சாய்ஸ், தீம் அமைப்புகள் ஆகியவை ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே இருப்பவை; இஸ்ஷார்ட்கட், 29 என்ற மதிப்பு, சிஸ்டம் கோப்புகள் ஆகியவை எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவானவை. புதிய கணக்கில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் முதல் கூட்டத்திலும், அங்கேயும் அதே கோளாறு தெரிந்தால் இரண்டாவது கூட்டத்திலும் தேடலாம். தோற்றத்தை மாற்றுவதற்கு முந்தைய தேதியில், விண்டோஸின் நிலையைச் சேமித்துவைத்த ‘ரிஸ்டோர் பாயின்ட்’ ஒன்று இருந்தால், சிஸ்டம் ரிஸ்டோர் செய்வதும் ஒரு வழிதான். உங்கள் ஆவணங்களை அது தொடாது, ஆனால் அந்தத் தேதிக்குப் பின் நிறுவிய புரோகிராம்கள் போய்விடும். அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். அறியாத தளத்திலிருந்து தோற்றக் கருவியை இறக்கி, அதை நிர்வாகி உரிமையுடன் ஓட்டியிருக்கிறீர்கள். எனவே டெஸ்க்டாப்பில் உள்ள ஒவ்வொரு ஷார்ட்கட்டின் டார்கெட் பெட்டியையும், முதலாவதாகப் பிரவுசரின் ஷார்ட்கட்டை, முழுவதும் படித்துப் பாருங்கள். முகவரி மேற்கோள் குறியோடு முடிந்த பிறகு ஏதேனும் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், அது பிறர் சேர்த்தது. புரோகிராமின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், சிஎம்டி போன்ற, கட்டளைகளை இயக்கும் புரோகிராம்கள் இருந்து, அதை வைத்தது நீங்கள் அல்ல என்றால், அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்காமல் உடனே நீக்கிவிட்டு முழுமையான வைரஸ் சோதனை நடத்துங்கள். ஷார்ட்கட் தீங்கின் வாகனமாக முடியும் என்பது வெறும் அச்சமல்ல. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, எல்.என்.கே கோப்பின் ஐகானைக் காட்டும் முறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியே பென்டிரைவ்களின் வழியாகப் பரவியது. சொடுக்கவே வேண்டியதில்லை, ஐகான் திரையில் தெரிந்தாலே போதுமானதாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டைக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது.

உங்கள் நிலையில் நான் இருந்தால், முதலில் டார்கெட் பெட்டிகளைப் படித்துவிட்டு, இரண்டாவதாக இஸ்ஷார்ட்கட் மதிப்பைச் சரிபார்த்து, மூன்றாவதாக ஐகான் தொகுப்பு எந்த வகை என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகே ஐகான் சேமிப்பைப் புதுப்பிப்பேன். மூலப் படம் இல்லாத நிலையில் சேமிப்பை அழித்தால், இப்போது ஒழுங்காகத் தெரியும் ஐகான்களும் வெள்ளையாகிவிடும். ஒவ்வொரு படிக்கும் பிறகு கணினியை மறுதொடக்கம் செய்து, எது மாறியது என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஏதேனும் ஷார்ட்கட் திறக்கவில்லை என்றால், அதன் டார்கெட் பெட்டியிலும் ‘ஸ்டார்ட் இன்’ பெட்டியிலும் உள்ளதை அப்படியே எழுதி, விண்டோஸ் பதிப்பு, ஐகான் தொகுப்பு நிறுவியாக வந்ததா படங்களாக வந்ததா, புதிய பயனர் கணக்கில் என்ன தெரிந்தது என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து இங்கேயே பதிவிடுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.